ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆஃப் ஆகும் பழைய கார்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னுடையது 2004 மாடல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார். முக்கால் மணி நேரம் ஓடினால், அதுவும் வெயிலில் நெரிசலில் மாட்டினால், திடீரென்று ஆஃப் ஆகிவிடுகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது; ஆனால் எஞ்சின் பிடிப்பதில்லை. இருபது நிமிடம் விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. பிளக், பெட்ரோல் ஃபில்டர், பம்ப் மூன்றையும் மாற்றியாயிற்று. ஸ்கேன் செய்தால் எந்தக் கோளாறுக் குறியீடும் (கோடு) இல்லை என்கிறார்கள். இனி எதை மாற்றுவது?
— வாசகர், திருப்பூர்

பதில்: இனி எதையும் மாற்றாதீர்கள். முதலில் ஒன்றை நினைவுபடுத்திச் சொல்லுங்கள்: எஞ்சின் எப்படி நின்றது? சாவியைத் திருப்பி அணைத்ததுபோல ஒரே நொடியில் நின்றதா, அல்லது இழுவை குறைந்து, குலுங்கிக் குலுங்கி நின்றதா? பட்டென்று நின்றால் கோளாறு பெரும்பாலும் கரன்ட் பக்கம். திணறி நின்றால் பெட்ரோல் பக்கம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதல் வகைபோல இருக்கிறது. அப்படியானால் பம்ப் மாற்றியும் பலன் இல்லாததில் வியப்பில்லை.

சூட்டில் நின்று, ஆறியதும் ஓடும் இன்ஜெக்‌ஷன் வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிராங்க் சென்சார். எஞ்சின் சுற்றுகிறது என்பதை, எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈ.சி.எம்.முக்குச் சொல்வதே இதுதான். இந்தச் சிக்னல் இல்லையென்றால் ஸ்பார்க்கும் வராது, இன்ஜெக்டரும் திறக்காது. இரண்டு ஒயர் ரகத்தில் உள்ளே மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் இருக்கும். வருடக்கணக்கில் சூடேறி ஆறியதில் அதில் மயிரிழை விரிசல் விழும். சூட்டில் விரிசல் விலகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். சிக்னல் மொத்தமாக அறுந்தால் நீங்களே எஞ்சினை அணைத்ததாக ஈ.சி.எம். எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் பல வண்டிகளில் கோடு பதிவாவதே இல்லை.

இந்தக் கோளாறை வண்டி நின்ற நிலையிலேயே பிடிக்க வேண்டும். ஆறிய பிறகு ஒர்க்‌ஷாப்பில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அடுத்த முறை நின்றால் வண்டியை ஓரங்கட்டி, உடனே இந்த வரிசையில் பாருங்கள்.

சாவியை ஆன் செய்யுங்கள். செக் எஞ்சின் விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் ஈ.சி.எம்.முக்கே கரன்ட் வரவில்லை. மெயின் ரிலே (ஈ.சி.எம்.முக்குக் கரன்ட் விடும் சுவிட்ச்), ஃபியூஸ், எர்த் (பேட்டரி நெகட்டிவை பாடியோடும் எஞ்சினோடும் சேர்க்கும் இணைப்பு) இவற்றைப் பார்க்க வேண்டும். ரிலேயின் உள்ளே ஈயப்பற்று விரிசல் விட்டிருந்தாலும் இதேபோல சூட்டில்தான் மக்கர் செய்யும். பக்கத்திலேயே அதே எண் கொண்ட ஹாரன் ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

விளக்கு எரிந்தால், பின்சீட் பக்கம் காதை வையுங்கள். பம்ப் ஓரிரு நொடி ரீங்காரமிட்டு அடங்க வேண்டும். (செல்ஃப் அடித்தால் மட்டுமே பம்ப் ஓடும் வண்டிகளும் உண்டு.) சத்தம் வருகிறது, செல்ஃபும் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை என்றால், செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்.பி.எம். எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். 200 அளவில் ஏதாவது காட்ட வேண்டும். பூஜ்யமாகவே நின்றால் பெரும்பாலும் கிராங்க் சென்சார், அதன் ஒயர், கப்ளர் (ஒயரைச் செருகும் இணைப்பு) இந்த மூன்றில் ஒன்றுதான். போனில் இணைக்கும் மலிவு அடாப்டரை இதற்கு நம்பாதீர்கள்; 2010-க்கு முந்தைய இந்திய வண்டிகள் பலவற்றில் அது பேசவே பேசாது. அந்தக் கம்பெனி வண்டிக்கான ஸ்கேனர் வேண்டும்.

ஸ்கேனர் கைவசம் இல்லையென்றால் எளிய சோதனை ஒன்று உண்டு. ஈரத்துணியைச் சென்சார்மேல் சுற்றிக் குளிர வையுங்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலோ, கிராங்க் புல்லி அருகிலோ இருக்கும். சைலன்சர் பக்கம் கையும் துணியும் படக்கூடாது. எஞ்சின் முழுக்கச் சூடாக இருக்கும்போதே இரண்டு மூன்று நிமிடத்தில் ஸ்டார்ட் ஆகிவிட்டால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி. ஒர்க்‌ஷாப்பில் இதைத் தலைகீழாகச் செய்யலாம்: ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடவிட்டு, தலைமுடி உலர்த்தும் டிரையரால் சென்சாரைச் சூடாக்கினால் எஞ்சின் நின்றுபோகும்.

புதிய சென்சார் போடும் முன் கப்ளரைக் கழற்றி உள்ளே பச்சை பூத்திருக்கிறதா, ஒயர் எங்காவது உரசி வெந்திருக்கிறதா என்று பாருங்கள். எர்த்தையும் சோதித்துவிடுங்கள்: மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை எஞ்சின் பிளாக்கில். செல்ஃப் சுற்றும்போது 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கேபிளைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும்.

கோளாறு சரியாகும்வரை நெடுஞ்சாலைக்குக் கொண்டு போகாதீர்கள். ஓட்டத்தில் எஞ்சின் நின்றால் பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும். மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஓரிரு மிதிக்குத்தான் போதும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்துங்கள். வண்டி நிற்கும்வரை சாவியை லாக் நிலைக்குத் திருப்பவே கூடாது.

கேள்வி: 1998 மாடல் கார்புரேட்டர் கார். ஓட்டத்தில் குறையே இல்லை. சிக்னலில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சில நாள் நிற்கிறது, சில நாள் நிற்பதில்லை.
— வாசகர், காரைக்குடி

பதில்: ஐடிலில் மட்டும் நிற்கிறதென்றால் ஐடில் சர்க்யூட்டை, அதாவது கார்புரேட்டரில் ஐடிலுக்குப் பெட்ரோல் வரும் வழியை மட்டும் பாருங்கள். அந்தக் காலக் கார்புரேட்டர்கள் பலவற்றில் ஒற்றை ஒயருடன் ஐடில் கட் சோலனாய்டு (சாவியை அணைத்தால் அந்தப் பெட்ரோலை அடைக்கும் மின்வால்வு) இருக்கும். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து அந்த ஒயரைக் கழற்றி மாட்டினால் ‘டிக்’ என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வந்தும் சத்தமில்லை என்றால் சோலனாய்டு போய்விட்டது. முனை தளர்ந்திருந்தால் குலுங்கும்போது மட்டும் விட்டுப்போகும். சில நாள் நிற்பதும் சில நாள் நிற்காததும் பெரும்பாலும் அதனால்தான்.

சோலனாய்டு சரியென்றால் அடுத்து ஐடில் ஜெட், அதாவது ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையுள்ள பாகம். கழற்றி கம்ப்ரெசர் காற்றால் ஊதுங்கள். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, பிறகு எந்த டியூனிங்கும் நிற்காது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஜெட்டில் கறுப்புத் துகள் இருந்தால் அது பெட்ரோல் ஹோஸின் உட்புற ரப்பராக இருக்கலாம். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஹோஸ் முழுவதையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றி, ஃபில்டரையும் புதிதாகப் போடுங்கள்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் நின்றால் விஷயமே வேறு. எஞ்சினை ஐடிலில் விட்டு, பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸை ஒருவர் பிளையரால் மெதுவாக நெரித்துப் பிடிக்க, இன்னொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். இப்போது நிற்கவில்லையென்றால் பூஸ்டரின் உள்ளே உள்ள ரப்பர் டயஃப்ரம் பெரும்பாலும் கிழிந்திருக்கிறது. அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: 2006 மாடல் இன்ஜெக்‌ஷன் கார். ஏ.சி. போட்டால் மட்டும் ஐடிலில் நிற்கிறது.
— வாசகர், வேலூர்

பதில்: எஞ்சினுக்குக் காற்று விடும் திராட்டில் பாடியில் பெரும்பாலும் கார்பன் படிந்திருக்கும். அதற்கென உள்ள கிளீனர் ஸ்பிரேயும் மென்மையான துணியும் கொண்டு துடைத்து, ஐடில் வால்வையும் சுத்தம் செய்யுங்கள். கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் திராட்டில் என்றால் தகட்டை விரலால் தள்ளக்கூடாது, உள்ளே பல்சக்கரம் உடையலாம். சுத்தம் செய்தபின் ஐடில் ஏறி இறங்கினால், சில வண்டிகளில் ஸ்கேனர் மூலம் ஐடிலை மறுபடி செட் செய்ய வேண்டியிருக்கும்.