பக்க வடிவமைப்புப் படிக்க விரும்பும் மகளுக்கு: பணம் கட்டுவதற்கு முன்

தலவாக்கலையிலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

மகள் உயர்தரம் முடித்துவிட்டு கிராபிக் டிசைன் படிக்க வேண்டும் என்கிறாள், "படம் கீறுவதற்கா இவ்வளவு காசு?" என்று வீட்டில் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் குறிப்பாக விரும்புவது பக்க வடிவமைப்பும் எழுத்தமைப்பும். அதற்குப் படம் கீறும் கை கட்டாயமில்லை. பிழையைக் கண்டுபிடிக்கும் கண்ணும், மொழியில் பிடிப்பும், ஒரே பக்கத்தைப் பலமுறை திருத்தும் பொறுமையும் இருந்தால் போதும். தமிழைப் பிழையின்றி எழுதி, சிங்களத்தையும் வாசிக்கத் தெரிந்த மலையகப் பிள்ளைக்கு இது நல்ல தொழில் என்றே நான் சொல்வேன். ஆனால் எந்த வகுப்பில் சேர்கிறாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கிராபிக் டிசைன் என்ற பெயரில் நடக்கும் பல வகுப்புகள் உண்மையில் மென்பொருள் வகுப்புகள். ஒரு மாதம் போட்டோஷொப், ஒரு மாதம் இலஸ்ட்ரேட்டர், கடைசியில் ஒரு சான்றிதழ். பிள்ளை எந்தப் பொத்தானை அழுத்துவது என்று கற்றுக்கொள்வாள். பக்க ஓரத்தில் எவ்வளவு இடம் விடுவது, ஒரு வரியில் எத்தனை சொல் வரலாம், தலைப்புக்கும் பந்திக்கும் இடையில் எவ்வளவு வெளி என்பது தெரியாமலே வெளியே வருவாள். மென்பொருள் சில ஆண்டுகளில் மாறிவிடும். இந்த அளவுகள் மாறாது.

தமிழ் எழுத்தில் இது இன்னும் முக்கியம். தமிழில் விசிறி (ி, ீ) மேலேயும் உகரக் குறிகள் கீழேயும் நீள்வதால், ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. 10 பொயின்ட் எழுத்துக்கு ஆங்கிலத்தில், ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடிவரை, 12 பொயின்ட் இடைவெளி சரியாக இருக்கும். தமிழுக்கு 14 அல்லது 15இல் தொடங்க வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒடுங்கிய பத்தியில் இரு ஓரமும் நேராக வர இழுத்தால் சொற்களுக்கிடையே வெள்ளை ஓட்டைகள் விழும். அந்த இடத்தில் இடப்பக்கம் மட்டும் நேராக விடுவது நல்லது. எழுத்துகளுக்கிடையே வெளியைக் கூட்டினால் துணைக்கால் தன் எழுத்தை விட்டு விலகி, தனி 'ர' போலத் தெரியும். தலைப்பு இடத்தை நிரப்புவதற்காக எழுத்தை அகலமாக இழுப்பதும் கூடாது. நிற்கும் கோடு தடித்து, படுக்கும் கோடு மட்டும் பழையபடி நின்று, எழுத்தின் உருவமே கெட்டுவிடும்.

அடுத்தது, கணினி தமிழைச் சரியாகக் கோக்கிறதா என்பது. பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' என்ற பந்தி அமைப்பைத் தெரிவுசெய்யாவிட்டால், 'கெ' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பெயர்ப்பலகைகளிலும் பொதிகளிலும் நாம் காணும் உடைந்த தமிழில் ஒரு பகுதிக்கு இப்படிப்பட்ட மென்பொருள் கோளாறுதான் காரணம். வடிவமைத்தவருக்குத் தமிழ் தெரியாததால் அது அப்படியே அச்சுக்குப் போகிறது. உங்கள் மகளுக்குச் சம்பளம் கிடைக்கப்போவது இந்த இடத்தில்தான்.

பாமினியையும் அவள் தெரிந்திருக்க வேண்டும். இலங்கை அச்சகங்களில் பழைய கோப்புகள் பல அந்த எழுத்துருவில் இருக்கின்றன. அதில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. எழுத்துருவை மாற்றிய உடனே எல்லாம் அர்த்தமற்ற ஆங்கிலமாகிவிடும். தமிழைத் தமிழாகவே கணினியில் பதியும் பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் உண்டு. ஆனால் கோப்பு முழுவதையும் ஒரேயடியாக மாற்றினால் இடையில் இருந்த உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழாகிக் குழம்பும். அவற்றை முன்கூட்டியே பிரித்துவைத்து, மாற்றிய பின் வரிக்கு வரி வாசிக்க வேண்டும். புதிய வேலையை யூனிகோடில் மட்டுமே தொடங்கப் பழக்கும் ஆசிரியர் கிடைத்தால் அந்த வகுப்பை விடாதீர்கள்.

மும்மொழிப் பக்கம் தனிப் பயிற்சி. தேயிலைப் பொதியோ விண்ணப்பப் படிவமோ, சிங்களமும் ஆங்கிலமும் வைத்தபின் மிஞ்சிய இடத்தில் தமிழைச் சுருக்கித் திணிப்பது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் தமிழே அதிக இடம் பிடிக்கும் என்பதால், தமிழை முதலில் வைத்து அளவை முடிவுசெய்து, பிறகு மற்ற இரண்டையும் பொருத்த வேண்டும். மூன்றுக்கும் ஒரே பொயின்ட் கொடுத்தால் ஒரே அளவாகத் தெரியாது. அச்சிட்டு, கண்ணால் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். நோட்டோ குடும்பத்தில் மூன்று மொழிக்கும் இலவச எழுத்துருக்கள் இருப்பதால் பயிற்சிக்குச் செலவில்லை.

இனி வகுப்பைச் சோதிக்கும் முறை. நேரில் போய், முன்பு படித்த பிள்ளைகள் செய்த, அச்சிட்ட வேலையைக் காட்டச் சொல்லுங்கள். ஒற்றைப் போஸ்டர்கள் மட்டும் இருந்தால் யோசியுங்கள். பல பக்கப் புத்தகம் ஒன்றாவது இருக்க வேண்டும். பயிற்சியாளரிடம் மகளே மூன்று கேள்வி கேட்கட்டும். ஏ5 பக்கத்துக்கு வெட்டு ஓரம் (தாளை வெட்டும்போது வெள்ளை தெரியாதபடி வெளியே கூடுதலாக விடும் பகுதி) சேர்த்து என்ன அளவு? பக்கம் 148க்கு 210 மில்லிமீற்றர். நான்கு பக்கமும் 3 மில்லிமீற்றர் சேர்த்தால் 154க்கு 216. அந்த முழுப் பக்கத்துக்குப் படம் எத்தனை பிக்சல்? அங்குலத்துக்கு 300 என்ற கணக்கில், வெட்டு ஓரம் இல்லாமலே சுமார் 1748க்கு 2480. வட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் இதற்குப் பெரும்பாலும் போதாது. சிறிய எழுத்துக்கு எந்தக் கறுப்பு? கறுப்பு மை மட்டும், 100 வீதம். போட்டோஷொப்பில் திரை நிறத்தில் எழுதிவிட்டுப் பிறகு மாற்றினால் கறுப்பு நான்கு மையாகப் பிரியும். அச்சில் ஒரு நிறம் மயிரிழை விலகினாலும் எழுத்தின் ஓரம் மங்கும். பதில் உடனே வராவிட்டால் அங்கே அச்சு வேலை கற்பிக்கப்படுவதில்லை.

சான்றிதழ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிறுவனமும் பாடநெறியும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானவையா, எந்த என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) மட்டம் என்று பாருங்கள். 3, 4 சான்றிதழ் மட்டம். 5, 6 டிப்ளோமா. 7 பட்ட மட்டம். தனியாரிடம் போவதற்கு முன் தொழிற்பயிற்சி அதிகாரசபை, தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் ஆகியவற்றின் அருகிலுள்ள நிலையங்களில் விசாரியுங்கள். உயர்தரப் பெறுபேறு இடம்கொடுத்தால் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பட்டமும் உண்டு. அதற்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சை எழுத வேண்டும், தனி விண்ணப்பமும் போட வேண்டும். அந்த விளம்பரத்தைத் தவறவிட்டால் புள்ளி இருந்தும் பயனில்லை.

கணினிக்குக் கடன் வாங்க அவசரப்பட வேண்டாம். முதல் சில மாதங்களுக்கு 8 ஜிபி நினைவகமும் எஸ்.எஸ்.டி.யும் உள்ள பழைய மடிக்கணினி போதும். இன்டிசைனுக்கு மாதச் சந்தா கட்ட வசதியில்லாவிட்டால் ஸ்கிரைபஸ் இலவசம், 1.6 பதிப்பு தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்கும்.

'இதையெல்லாம் இனி இயந்திரமே செய்துவிடாதா?' என்ற உங்கள் பயம் நியாயமானது. பிறந்தநாள் போஸ்டர் போன்ற சில்லறை வேலை குறையத்தான் செய்யும். ஆனால் பாடசாலை மலர், ஆண்டறிக்கை, மும்மொழிப் பொதி போன்றவற்றில் பிழைக்குப் பொறுப்பேற்க ஒரு ஆள் வேண்டும். ஹட்டன், பதுளை, கண்டி அச்சகங்களில் தொடங்கி, கொழும்பிலுள்ள பத்திரிகை, பதிப்பகம் வரை அந்த ஆளைத் தேடுவார்கள். வீட்டிலிருந்தும் செய்யலாம், இணைய இணைப்பு ஒழுங்காக இருந்தால்.

சேருவதற்கு முன் மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். வீட்டிலிருக்கும் அரசாங்கப் பாடநூல் ஒன்றை எடுத்து, நான்கு ஓரங்கள், வரி நீளம், ஒரு பக்கத்தின் வரிகள், தலைப்பின் மேல்கீழ் வெளி எல்லாவற்றையும் அடிமட்டத்தால் அளந்து எழுதட்டும். பிறகு தோட்டத்துக் கோயில் திருவிழா பற்றி 16 பக்க ஏ5 சிறுநூல் ஒன்றைச் செய்யட்டும். நடுவில் தைக்கும் நூலில் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 16 பக்கத்துக்கு நான்கு ஏ4 தாள். முதல் தாளின் ஒரே பக்கத்தில் 16ஆம், 1ஆம் பக்கங்கள் அருகருகே வரும், அதன் பின்புறம் 2ஆம், 15ஆம். வெற்றுத் தாளை மடித்து எண் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும். இதை அவள் சலிக்காமல் முடித்தால் வகுப்புக்குப் பணம் கட்டுங்கள், அதுவும் தவணையாக. ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும் பாடநெறியின் பெயரையும் என்.வி.கியூ மட்டத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.