ஆக்சிஜன் கொறஞ்சா செல்லுக்கு எப்படி தெரியுது? கேளுங்க, சொல்றேன்

ஹைபாக்சியா, அதாவது ஆக்சிஜன் பற்றாக்குறை, இதுலதான் என் பொழப்பே ஓடுது. லேப்ல செல்லை மூச்சு திணற விட்டு என்ன பண்ணுதுன்னு வேடிக்கை பாக்குறதுதான் வேலை. வந்த கேள்விகளுக்கு வரிசையா பதில் போடுறேன், பெருசு சிறுசா இருக்கும், கண்டுக்காதீங்க.

கேள்வி: அக்கா, செல்லுக்கு மூக்கா இருக்கு? காத்துல ஆக்சிஜன் கொறஞ்சது அதுக்கு எப்படி தெரியும்?

மூக்கு இல்ல, ஆனா மூக்கை விட சூப்பரான ஏற்பாடு இருக்கு. ஹிஃப்-1 ஆல்ஃபான்னு ஒரு புரோட்டீன். இதை செல் எந்நேரமும் செஞ்சுகிட்டே இருக்கும், செஞ்ச கையோட அழிச்சுகிட்டும் இருக்கும். எப்படி அழிக்குதுன்னா, பிஎச்டின்னு ஒரு என்சைம் (டிகிரி இல்லப்பா, என்சைம் பேரே அதான்) ஆக்சிஜனை எடுத்து ஹிஃப் மேல 402, 564ன்னு ரெண்டு எடத்துல இருக்குற புரோலின்ங்கிற அமினோ அமிலத்துல ஒட்ட வெச்சுரும், அந்த அடையாளத்தைப் பாத்ததும் விஎச்எல்ங்கிற இன்னொரு புரோட்டீன் வந்து புடிச்சு யுபிக்விட்டின்ங்கிற 'இதை அழி' முத்திரையைக் குத்தி புரோட்டியசோம்ங்கிற அரவை மிஷினுக்கு அனுப்பிரும். பொறந்து அஞ்சு நிமிஷத்துல பாதி ஹிஃப் காலி. இப்ப ஆக்சிஜன் கொறஞ்சுருச்சுன்னு வைங்க, பிஎச்டிக்கு ஒட்டுறதுக்கு சரக்கே இல்ல. அடையாளம் விழல, விஎச்எல்லுக்கு ஆளைத் தெரியல, ஹிஃப் பொழச்சுக்குது. நேரா நியூக்ளியஸுக்குப் போயி ஹிஃப்-1 பீட்டாவோட ஜோடி சேந்து நூத்துக்கணக்கான ஜீனை ஆன் பண்ணிரும். ஆக, "ஆக்சிஜன் இல்ல"ன்னு யாரும் தனியா மணி அடிக்கல, அழிக்கிற வேலை நின்னு போறதுதான் மணி.

கேள்வி: செஞ்சு செஞ்சு அழிக்கிறதா? சுத்த வேஸ்ட்டா இருக்கே.

வேஸ்ட்தான், ஒத்துக்குறேன். ஆனா ஆபத்து வந்தப்புறம் ஜீனை படிச்சு ஆர்என்ஏ எடுத்து புரோட்டீன் செய்யன்னு உக்காந்தா நேரம் போயிரும். இங்க புரோட்டீன் ஏற்கனவே வந்துகிட்டே இருக்கு, அழிக்கிறதை நிறுத்துனா போதும், நிமிஷக்கணக்குல சேந்துரும். ஆக்சிஜன் திரும்பி வந்தா அதே வேகத்துல காணாமப் போயிரும். அந்த வேகத்துக்கு செல் குடுக்குற விலை இது.

கேள்வி: மைட்டோகாண்ட்ரியாதானே ஆக்சிஜனை அதிகமா திங்குது மேடம், அதுவே சென்சாரா இருந்திருக்கலாமே?

நல்ல கேள்வி, ரொம்ப புடிச்சுது. மைட்டோகாண்ட்ரியால ஆக்சிஜனைப் புடிக்கிற சைட்டோக்ரோம் ஆக்சிடேஸ் உடும்புப் புடி புடிக்கும். அளவு ரொம்பக் கீழ போற வரைக்கும் அது பாட்டுக்கு ஓடிகிட்டே இருக்கும், அதுக்கு கொறை தெரியுற நேரத்துல கதை முடியுற நிலைமை. பிஎச்டி அப்படி இல்ல, அதோட புடி லூசு. ஆக்சிஜன் கொஞ்சம் கொறஞ்சா வேகமும் கொஞ்சம் கொறையும், இன்னும் கொறஞ்சா இன்னும். அந்த லூசான புடிதான் அதை நல்ல மீட்டராக்குது.

கேள்வி: ஹிஃப் ஆன் ஆனா என்னென்ன மாறும்?

ரத்தக்குழாய் வளர விஇஜிஎஃப், சிவப்பணு பெருக ஈபிஓ, குளுக்கோஸை அதிகமா உள்ள இழுக்குற புரோட்டீன், எல்லாம் ஏறும். ஆனா எனக்கு ஆச்சரியமா இருக்குறது பிடிகே1ங்கிற என்சைம் கதைதான். ஆக்சிஜன் இல்லாததால மைட்டோகாண்ட்ரியா தானா நிக்குதுன்னு நெனைப்போம். அது முழு உண்மை இல்ல, ஹிஃப் பிடிகே1ஐ ஏத்திவிட்டு மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போற எரிபொருளையே வாசல்ல தடுக்குது. ஏன்னா ஆக்சிஜன் பத்தாம ஓடுனா தேவையில்லாத ரேடிக்கல் வந்து செல்லையே நாசம் பண்ணும். அதனால ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைக்கிற கிளைகாலிசிஸ் போதும்னு இறங்கிருது, ஒரு குளுக்கோஸுக்கு முப்பது சொச்சம் ஏடிபி (செல்லோட எனர்ஜி காசு) கெடைச்ச எடத்துல வெறும் 2தான், மிச்சம் லாக்டேட்டா வெளிய போகும்.

கேள்வி: மலை மேல ஏறுன உடனே மூச்சு வாங்குதே, அதுவும் ஹிஃப் வேலையா?

இல்லைங்க, அது செகண்ட்ல நடக்குறது. கழுத்துல கரோட்டிட் தமனி ரெண்டா பிரியுற எடத்துல கரோட்டிட் பாடின்னு அரிசி சைஸ்ல ஒண்ணு இருக்கு. ரத்தத்துல ஆக்சிஜன் கொறஞ்சா அதோட செல்லுல பொட்டாசியம் சேனல் மூடும், கால்சியம் உள்ள வரும், நரம்பு வழியா மூளைக்கு "வேகமா மூச்சு விடு"ன்னு தகவல் போகும். இந்த வகை சென்சாரைக் காட்டுனதுக்குத்தான் கார்னேல் ஹேமன்ஸுக்கு 1938 நோபல். ஹிஃப் வழியா ஈபிஓ ஏற சில மணி நேரம் ஆகும், சிவப்பணு உண்மையிலேயே கூட நாள் கணக்கு, வாரக் கணக்கு. மேல போன ரெண்டாம் நாளே ஹீமோகுளோபின் கூடிருச்சேன்னு சந்தோஷப்படாதீங்க, அது பெரும்பாலும் பிளாஸ்மா தண்ணி கொறஞ்சதால வர்ற கணக்கு.

கேள்வி: அப்ப திபெத்காரங்களுக்கு ரத்தம் ரொம்ப கெட்டியா இருக்குமா?

அப்படித்தான் தோணும், ஆனா தலைகீழ். அதே உயரத்துல ஆண்டீஸ் மலைல வாழுறவங்களுக்குத்தான் ஹீமோகுளோபின் எகிறும். திபெத்தியர்ல நெறைய பேருக்கு ஹிஃப்-1 ஆல்ஃபாவோட தம்பி மாதிரியான ஹிஃப்-2 ஆல்ஃபாவை செய்யுற ஈபாஸ்1 ஜீன்ல ஒரு மாற்றம் இருக்கு, அதனால சிவப்பணு அளவுக்கு மீறி ஏறாது, ரத்தம் கொழகொழன்னு ஆகாம ஓடும். அந்த ஜீன் துண்டு டெனிசோவன்ங்கிற அழிஞ்சு போன மனுஷ இனத்துகிட்ட இருந்து வந்ததுன்னு 2014ல தெரிஞ்சுது. எந்தக் காலத்துக் கலப்போ, இன்னைக்கும் மலை மேல ஒதவுது பாருங்க.

கேள்வி: நோபல் யாருக்கு?

2019, மருத்துவம். கிரெக் செமென்சா, பீட்டர் ராட்கிளிஃப், வில்லியம் கெய்லின். செமென்சா ஹிஃப்பைக் கண்டுபிடிச்சாரு. ராட்கிளிஃப் கிட்னி டாக்டரு, கெய்லின் கேன்சர் டாக்டரு, விஎச்எல் கெட்டுப்போனா வர்ற பரம்பரைக் கட்டி நோயை நோண்டிகிட்டு இருந்தவரு. புரோலின் விஷயத்தை இவங்க ரெண்டு டீமும் 2001ல ஒரே நேரத்துல பேப்பரா போட்டாங்க.

கேள்வி: ஹிஃப்பை மாத்திரை போட்டு ஏத்த முடியுமா? ஓட்டத்துக்கு ஸ்டாமினா வேணும்.

முடியும், ஆனா தம்பி, வேணாம். பிஎச்டியைத் தடுக்குற ராக்சாடுஸ்டாட் மாதிரி மருந்து கிட்னி நோயில வர்ற ரத்தசோகைக்குக் குடுக்குறாங்க, டாக்டர் பார்வையில. விளையாட்டுல இது தடை செஞ்ச ஊக்கமருந்து லிஸ்ட்ல இருக்கு. கோபால்ட் உப்பும் ஹிஃப்பை ஏத்தும், பிஎச்டிக்குத் தேவையான இரும்போட வேலையைக் கெடுத்துரும், கூடவே இதயம் தைராய்டு எல்லாத்தையும் கெடுக்கும். கேன்சர் கட்டி இதே ஹிஃப்பை வெச்சுத்தான் தனக்கு ரத்தக்குழாய் போட்டுக்குது, அதையும் யோசி. ஹிஃப்-2ஐ அடக்குற பெல்சூட்டிஃபான் 2021ல வந்ததே அந்த மாதிரி கட்டிக்குத்தான்.

கேள்வி: அக்கா, நான் லேப்ல புதுசு. 1 பர்சென்ட் ஆக்சிஜன்ல ஆறு மணி நேரம் செல்லை வெச்சும் வெஸ்டர்ன் பிளாட்ல (புரோட்டீன் இருக்கான்னு பேண்டா காட்டுற டெஸ்ட்) ஹிஃப் பேண்டே வரல. எங்க தப்பு?

டிஷ்ஷை வெளிய எடுத்ததுல இருந்து லைசிஸ் பஃபர், அதாவது செல்லை உடைக்கிற கரைசல், ஊத்துற வரைக்கும் எவ்ளோ நேரம் ஆச்சு, உண்மையைச் சொல்லு. நானும் முதல் வருஷம் ஆறு டிஷ்ஷை ட்ரேல அடுக்கி வெளிய கொண்டாந்து, ஒவ்வொண்ணா மீடியம் உறிஞ்சி, நிதானமா பிபிஎஸ்ங்கிற உப்புக்கரைசல்ல கழுவி, நடுவுல ஃபோன் வேற பேசி, ஆறாவதுக்கு வர்றப்ப கால் மணி நேரம் ஆயிருச்சு. முதல் டிஷ்ல பேண்ட் தெளிவா இருந்துச்சு, அப்புறம் மங்கி மங்கி, கடைசி ரெண்டுல துடைச்சு வெச்ச மாதிரி. வெளிக்காத்து பட்டதும் பிஎச்டிக்கு சரக்கு கெடைச்சுருச்சு, அவ்ளோதான். அதனால ஆக்சிஜன் கொறச்ச சேம்பருக்குள்ளயே லைசிஸ் பண்ணு, முடியலன்னா ஒவ்வொரு டிஷ்ஷா எடு, ஐஸ் மேல வெச்சு பஃபரை உடனே ஊத்து, கழுவணும்னா உள்ளயே வெச்சிருந்த பிபிஎஸ்ல கழுவு. கூடவே கோபால்ட் குளோரைடு போட்ட ஒரு டிஷ் பாசிட்டிவ் கண்ட்ரோலா வை. பேண்டை, கணக்குப்படி ஹிஃப்போட எடையான 93 கிலோடால்டன்ல தேடாத, ஜெல்லுல அது 110, 120 பக்கம்தான் ஓடும். அங்கயும் இல்லன்னா ஆன்டிபாடியை மாத்திப் பாரு.