அருமண் உலோகங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சீரியம் பூமியின் மேலோட்டில் ஏறத்தாழச் செம்பின் அளவுக்கு இருக்கிறது என்கிறார்கள். அப்படியிருந்தும் அருமண் உலோகங்கள் கிடைப்பது ஏன் கடினமாக இருக்கிறது?

பதில்: தோண்டுவதைவிடப் பிரிப்பதுதான் கடினம். அருமண் உலோகங்களில் பெரும்பாலானவை அடங்கும் லாந்தனைடு வரிசையில் ஒவ்வொரு தனிமத்திலும் கூடும் எலக்ட்ரான் பெரும்பாலும் உள்ளே மறைந்திருக்கும் 4எஃப் கூட்டில் சேர்வதால், வேதிவினையில் ஈடுபடும் வெளி எலக்ட்ரான்கள் ஏறக்குறைய மாறாமலே இருக்கின்றன. அயனியின் ஆரம் மட்டும் சிறிது சிறிதாகக் குறைகிறது. அந்த நுண்ணிய வேறுபாட்டை நம்பியே அமிலக் கரைசலையும் கரிமக் கரைப்பானையும் நூற்றுக்கணக்கான நிலைகளில் மீண்டும் மீண்டும் கலந்து பிரிக்கிறார்கள். மோனசைட் தாதுவில் கதிரியக்கத் தன்மையுள்ள தோரியமும் சேர்ந்தே வருகிறது. பிரித்தபின் எஞ்சும் தோரியக் கழிவைப் பாதுகாக்கும் செலவைச் சேர்க்காமல் இந்த உலோகங்களின் விலையைக் கணக்கிடுவது சரியன்று என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: லித்தியமும் கோபால்ட்டும் அருமண் உலோகங்களா?

பதில்: இல்லை. பதினைந்து லாந்தனைடுகளும் ஸ்காண்டியம், இட்ரியம் ஆகியவையும் சேர்ந்த 17 தனிமங்களே இக்குழுவில் அடங்கும்.

கேள்வி: சூடேறியதால் வலுவிழந்த நியோடிமியம் காந்தம் ஆறியபின் பழைய நிலைக்குத் திரும்புமா?

பதில்: பெரும்பாலும் முழுமையாகத் திரும்பாது. நியோடிமியம், இரும்பு, போரான் ஆகியவை சேர்ந்த இக்காந்தத்தின் க்யூரி வெப்பநிலை (காந்தத்தன்மை முற்றிலும் மறையும் வெப்பநிலை) சுமார் 310 டிகிரி செல்சியஸ் என்றாலும், சாதாரண வகைகள் 80 டிகிரியைத் தாண்டும்போதே நிரந்தரமாக வலுவிழக்கத் தொடங்கலாம். பொருளுக்குச் சேதமில்லையெனில் வலுவான காந்தப்புலத்தில் வைத்து மீண்டும் காந்தமாக்க முடியும். மின்வாகன மோட்டாரைப் போல் வெப்பம் மிகும் இடங்களுக்கான காந்தங்களில் நியோடிமியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ சேர்க்கிறார்கள். காந்தநீக்கத்தை எதிர்க்கும் திறன் இதனால் உயர்கிறது. ஆனால் டிஸ்ப்ரோசியத்தின் காந்தத் திருப்புத்திறன் (அணுவின் காந்த வலுவையும் திசையையும் குறிக்கும் அளவு) இரும்பினுடையதற்கு எதிர்த்திசையில் அமைவதால் மொத்த வலு சற்றுக் குறைகிறது. அதனினும் மிகுந்த வெப்பத்துக்கு சமாரியம்-கோபால்ட் காந்தமே பொருத்தமானது.

கேள்வி: எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு முன் கடோலினியம் கலந்த ஊசி போடுவது ஏன்? அது பாதுகாப்பானதா?

பதில்: வேதியியலில் ஒதுங்கி நிற்கும் அதே 4எஃப் எலக்ட்ரான்கள் இங்கே பெரும்பணி செய்கின்றன. லாந்தனைடுகளில் ஒன்றான கடோலினியத்தின் அயனியில் இணைசேராத ஏழு எலக்ட்ரான்கள் இருப்பதால், அருகிலுள்ள நீர் மூலக்கூறுகளின் புரோட்டான்கள், ஸ்கேன் கருவியின் அலைகளால் கிளர்ந்தபின், விரைவாகப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. மருந்து சேரும் திசு படத்தில் பளிச்சென்று தெரிகிறது. தனி அயனியாக இருந்தால் அது நச்சு. ஆகவே அதை இறுகப் பற்றிக்கொள்ளும் கரிம மூலக்கூறுக்குள் அடைத்துத்தான் செலுத்துகிறார்கள். பெரும்பகுதி சிறுநீரகத்தின் வழியாக வெளியேறிவிடும். சிறுநீரகக் கோளாறு கடுமையாக உள்ளவர்களுக்குத் தோலும் உள்ளுறுப்புகளும் தடித்து இறுகும் அரிய நோய் இதனால் ஏற்பட்டிருப்பதால், அத்தகையோர் ஸ்கேனுக்கு முன்பே மருத்துவரிடம் அதைத் தவறாமல் தெரிவிக்க வேண்டும்.