இலவச ஆய்வுக் கட்டுரைகள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பப்மெட்டில் தேடினால் ஆய்வுச் சுருக்கம் மட்டுமே வருகிறது. முழுக் கட்டுரை இலவசம் என்று சொன்னது பொய்யா?

பதில்: பொய்யில்லை, இரண்டு தளங்களை ஒன்றென எண்ணிவிட்டீர்கள். பப்மெட் மருத்துவ, உயிரியல் ஆய்வுக் கட்டுரைகளின் வெறும் அட்டவணை. முழுக் கட்டுரைகள் இருப்பது 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பப்மெட் சென்ட்ரலில். அட்டவணையில் மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பதிவுகளும் களஞ்சியத்தில் ஏறத்தாழ ஒரு கோடி கட்டுரைகளும் உள்ளன என்பதால், எல்லாவற்றுக்கும் முழு வடிவம் கிடைக்காது. தேடல் முடிவுகளின் இடப்பக்கத்தில் இலவச முழு வடிவத்தை மட்டும் காட்டும் தெரிவு உண்டு.

கேள்வி: பதிப்பகத் தளத்தில் ஒரு கட்டுரைக்கு 40 டாலர் கேட்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்: பணம் கட்டுமுன், கட்டுரையின் நிலையான அடையாள எண்ணான டிஓஐ-யை வைத்துத் தேடுங்கள். அன்பேவால் என்னும் நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) உலாவியில் நிறுவிக்கொண்டால், சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி எங்கேனும் இருந்தால் காட்டிவிடும். கூகுள் ஸ்காலரில் பல முடிவுகளுக்குக் கீழே எல்லாப் பதிப்புகளுக்கும் ஓர் இணைப்பு உண்டு; அதைச் சொடுக்குபவர்கள் குறைவு. எதுவும் கிடைக்காவிட்டால் கட்டுரையாசிரியருக்கே எழுதுங்கள். பலர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். கிடைத்த பிரதி எந்தப் பதிப்பு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நீரிழிவு பற்றி நல்ல கட்டுரை ஒன்று அனுப்பவும்.

பதில்: அந்தப் பொருளில் லட்சக்கணக்கான கட்டுரைகள் உள்ளன. எதற்காகத் தேடுகிறீர்கள் என்று ஒரு வரிகூட எழுதாத கடிதத்துக்கு நான் என்ன அனுப்ப முடியும்?

கேள்வி: ஆர்க்கைவ் தளத்திலிருந்து ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டினேன். அது நிரூபிக்கப்பட்டது ஆகாது என்கிறார் நண்பர். இவ்வளவு பெரிய தளத்தில் தவறானதை வைத்திருப்பார்களா?

பதில்: நண்பர் சொல்வதே சரி. மாதம் தவறாமல் எனக்கு வரும் கேள்வி இது. எத்தனை முறை எழுதினாலும் தீர்வதில்லை. ஆர்க்கைவ், பால் கின்ஸ்பார்க் 1991-இல் தொடங்கிய முன்பதிப்புக் களஞ்சியம்; அதாவது, ஆய்விதழின் மதிப்பாய்வுக்கு முன்பே ஆசிரியர்கள் கட்டுரையை வெளியிடும் இடம். அங்குள்ள நெறியாளர்கள் கட்டுரை அந்தத் துறைக்கு உரியதா, ஆய்வு வடிவில் இருக்கிறதா என்று பார்ப்பார்களேயன்றி, அதன் முடிவு சரியா என்று மதிப்பாய்வு செய்வதில்லை. பின்னர் ஆய்விதழில் வெளியாகும் கட்டுரைகள் அங்கே ஏராளம். எங்கும் வெளியாகாமலே நின்றுவிட்டவையும் உண்டு. முதற்பக்கத்தின் இட ஓரத்தில் செங்குத்தாக அச்சாகியிருக்கும் சாம்பல் நிற எண்ணை ஒருமுறையாவது படித்தீர்களா? இன்றைய முறையில் முதல் நான்கு இலக்கங்கள் ஆண்டையும் மாதத்தையும் குறிக்கும். இறுதியில் வரும் 'வி' எழுத்தும் எண்ணும் எத்தனையாவது பதிப்பு என்பதைச் சொல்லும். முதல் பதிப்பை இறக்கி வைத்துக்கொண்டு, மூன்றாம் பதிப்பில் ஆசிரியரே திருத்திவிட்ட தேற்றத்தை மேடையில் முழங்கியவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் கட்டுரையைத் திரும்பப் பெற்ற பின்னும் பழைய பதிப்புகள் தளத்தில் அப்படியே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். மருத்துவ முன்பதிப்புகள் வரும் மெட்ஆர்க்கைவில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

கேள்வி: மூன்றே நாளில் வெளியிடுவதாகச் சொல்லி, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஒரு திறந்த அணுக்க இதழ் என்னிடம் கட்டணம் கேட்கிறது. நம்பலாமா?

பதில்: மூன்று நாளில் முறையான மதிப்பாய்வு நடக்காது. 2003-இல் தொடங்கப்பட்ட, திறந்த அணுக்க இதழ்களுக்கான டிஓஏஜே பட்டியலில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட இதழ்கள் உள்ளன. அங்கே பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை எழுதுபவரிடம் கட்டணமே வாங்குவதில்லை.

கேள்வி: இலவசமாகக் கிடைத்த கட்டுரையை மொழிபெயர்த்து வெளியிடலாமா?

பதில்: படிக்க இலவசம் என்பதும் மறுபதிப்புக்கு உரிமை என்பதும் வேறு வேறு. படைப்பைப் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஆசிரியர் பெயரைக் குறிப்பிடுவது மட்டுமே நிபந்தனை என்றால் வெளியிடலாம். மாற்றங்கள் கூடாது என்று இருந்தால் மொழிபெயர்ப்பும் மாற்றமே. உரிமமே குறிப்பிடப்படவில்லையென்றால் அனுமதி கேளுங்கள்.

கேள்வி: ஆர்க்கைவில் படிக்கக் கணக்குத் தொடங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஆனால் எந்தப் பதிப்பு என்று பாருங்கள்.