மேடை நாடகத்தை ஓபராவாக்க எதை வெட்டுவது?

தாம் எழுதிய இரண்டரை மணி நேர நாடகத்தை இசையமைப்பாளரான நண்பர் ஓபராவாக்க விரும்புவதாகவும், வசனத்தை அப்படியே கொடுத்தால் போதுமா என்றும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

போதாது. பேசினால் சில நொடிகளில் முடியும் வரி பாடும்போது பல மடங்கு நேரம் எடுக்கும். ஆகவே பாதிக்கும் மேலான வசனத்தை இழக்க முதலிலேயே மனத்தைப் பக்குவப்படுத்திக்கொள்ளுங்கள். எதை இழப்பது என்பதை ஃபிலிப் கினோவிடம் கற்கலாம். பாரிசில் நாடகாசிரியராகப் பெயர்பெற்ற பின்னரே அவர் இசையமைப்பாளர் லுல்லியோடு சேர்ந்து, 1673 முதல் 1686 வரை 11 இசைத் துன்பியல்களுக்கு லிப்ரெட்டோ, அதாவது பாடுவதற்கான நாடகப் பனுவல், எழுதினார்.

அவற்றுள் கடைசியான 'ஆர்மீட்' நாடகத்தின் இரண்டாம் அங்க முடிவைப் பாருங்கள். சூனியக்காரி ஆர்மீட், மாயத்தால் உறங்கவைத்த பகைவன் ரெனோவைக் குத்திக் கொல்லக் கத்தியோடு நெருங்குகிறாள். ஆனால் கை எழவில்லை. பேச்சு நாடகமாக இருந்தால் தோழி ஒருத்தியை அருகில் நிறுத்தி, அந்தத் தயக்கத்தை நீண்ட உரையாடலாக விரித்திருப்பார்கள். கினோவோ அவளைத் தனியே பேசவிட்டு, 'முடித்துவிடுவோம்... நடுங்குகிறேன்! பழிதீர்ப்போம்... பெருமூச்செறிகிறேன்!' என்று ஒரே அடிக்குள் துணிவையும் தளர்வையும் மோதவிடுகிறார். அந்தப் புள்ளிகள் நிற்கும் இடைவெளி முழுவதும் இசைக்கு உரியது. ஏறத்தாழ முழுமையாக இதே பனுவலுக்கு 1777இல் குளுக் என்ற இசையமைப்பாளர் புதிதாக இசையமைத்தார் என்பதை எண்ணும்போது, அந்த இடைவெளியின் அருமை எனக்கு இன்னும் கூடுகிறது.

ஆகவே, உங்கள் பாத்திரம் தன் உணர்ச்சியை விளக்கும் வரிகளை முதலில் அடித்துவிடுங்கள். ஒரு செயலைச் செய்யத் தூண்டும் சொல்லையும், அதைத் தடுக்கும் சொல்லையும் மட்டும் வையுங்கள்.

யாப்பிலும் கவனம் தேவை. பிரெஞ்சுத் துன்பியலின் வழக்கமான 12 அசை அடியை மட்டும் பிடித்துக்கொள்ளாமல், கினோ நீளமும் குறுக்கமுமான அடிகளைக் கலந்து எழுதினார். தமிழில் எழுதும் நீங்கள், குரல் நீளவேண்டிய இடத்தில் நெடில் வருமாறும், உச்சத்தில் வல்லின இரட்டிப்பு நெருக்காதவாறும் சொற்களைத் தேர்ந்தெடுங்கள்.

நடனப் பகுதிகளுக்கு லுல்லி மெட்டை முதலில் அமைத்துக் கொடுக்க, கினோ அதற்குச் சொல் பொருத்தியதுண்டு. உங்கள் நண்பரிடமும் அவ்விடங்களுக்கு மெட்டை முன்னதாகக் கேட்டு வாங்குங்கள். முழு நாடகத்தையும் சுருக்குவதற்கு முன், ஒரேயொரு காட்சியை இவ்வாறு எழுதிக் கொடுத்து, அவர் பாடிக்காட்டக் கடிகாரத்தோடு கேளுங்கள்.