தோப்புக்குள் கேட்பாரற்று நிற்கும் கார்: யார் அகற்றுவது?

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில், சாலையோரம் எங்கள் தென்னந்தோப்பு இருக்கிறது. வேலி போடாத முன்பகுதியில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட கார் ஒன்று மூன்று மாதமாக நிற்கிறது. யாருடையது என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. டயர்களில் காற்று இறங்கிவிட்டது. தேங்காய் ஏற்றும் வண்டி உள்ளே வர முடியவில்லை. ரெக்கவரி வண்டியை வரவழைத்து வெளியே இழுத்துப் போட்டுவிடலாமா? புகார் கொடுப்பதென்றால் கேரளப் போலீசிடமா, தமிழ்நாட்டுப் போலீசிடமா?

பதில்: இழுத்துப் போடாதீர்கள். போலீசில் எழுத்து மூலம் பதிவு செய்வதற்கு முன் அந்தக் காரின் கதவைக்கூடத் தொட வேண்டாம். எல்லையோரத்தில் இப்படி விட்டுச் செல்லப்படும் வண்டி திருட்டு வண்டியாக இருக்கலாம். வாடகைக்கு எடுத்து அடகு வைக்கப்பட்ட வண்டியாக இருக்கலாம். ஏதோ ஒரு வழக்கில் தேடப்படும் வண்டியாகவும் இருக்கலாம். நீங்கள் முதலில் புகார் கொடுத்தால் புகார்தாரர். முதலில் வண்டியை நகர்த்திவிட்டுப் பிறகு போனால், விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

புகார் எழுதுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கார் நிற்கும் இடம் முழுவதும் உங்களுடையதுதானா என்று ஆதாரத்தையும் (நிலப் பத்திரம்) சர்வே வரைபடத்தையும் வைத்துப் பாருங்கள். வேலியில்லாத சாலையோரத் தோப்புகளில், நம்முடையது என்று நாம் நினைக்கும் இடத்தில் ஒரு பகுதி சாலைப் புறம்போக்காக இருப்பது உண்டு. உங்கள் விஷயத்திலும் அப்படி இருந்தால், வருத்தப்பட வேண்டாம், வேலை எளிதாகிவிடும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 127-இன்படி, பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியை அகற்றச் சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம். இழுத்துச் செல்லும் செலவும் வண்டி உரிமையாளரையே சேரும்.

இடம் முழுக்க உங்களுடையது என்றால் அந்தப் பிரிவு உதவாது. பொதுமக்களுக்குச் சென்றுவர உரிமையுள்ள இடத்தையே அந்தச் சட்டம் பொது இடம் என்கிறது. உங்கள் தோப்பு அதில் வராது. அடுத்தவர் மாடு வெள்ளாமையில் இறங்கினால் பிடித்துப் பட்டியில் அடைக்க 1871-லேயே கால்நடை அத்துமீறல் சட்டம் வந்துவிட்டது. அடுத்தவர் கார் தோப்பில் நின்றால் நில உரிமையாளர் என்ன செய்யலாம் என்று அதுபோல வழிகாட்டும் தனிச் சட்டம் நமக்கு இல்லை. இந்தக் குறையை அரசுகள் தீர்த்து வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை பொதுவான குற்றவியல் நடைமுறையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

புகார் கேரளப் போலீசுக்கே. பதிவெண் எந்த மாநிலத்துடையது என்பதைப் பார்க்க வேண்டாம். நிலம் எந்த ஸ்டேஷன் எல்லையில் இருக்கிறதோ, அங்கேதான் கொடுக்க வேண்டும். புகாரைத் தமிழில் எழுதத் தயங்காதீர்கள். மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில், அரசின் உள்ளூர் அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தருகிறது. பதிவெண், நிறம், எந்த நாளிலிருந்து நிற்கிறது, எந்தச் சர்வே எண்ணில் நிற்கிறது என்பவற்றை எழுதி, நான்கு பக்கமும் எடுத்த புகைப்படங்களையும் நில வரி ரசீதின் நகலையும் இணையுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.

புகாரில் என்ன கேட்கிறீர்கள் என்பது முக்கியம். 'அத்துமீறல் வழக்குப் போடுங்கள்' என்று மட்டும் எழுதினால், உரிமையாளர் யாரென்றே தெரியாமல் எப்படிப் போடுவது என்று திருப்பி அனுப்பலாம். குற்றத்தோடு தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு இடமான பொருளைக் கைப்பற்ற, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 106 போலீசுக்கு அதிகாரம் தருகிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, பதிவு விவரத்தைச் சரிபார்த்து வண்டியைக் கைப்பற்றுமாறு கேளுங்கள். கைப்பற்றிய பிறகு விஷயம் மாஜிஸ்திரேட்டிடம் போகும். உரிமையாளர் தெரியாவிட்டால், 6 மாதத்துக்குள் உரிமை கோருமாறு அவர் அறிவிப்பு வெளியிடலாம். ஸ்டேஷன் வளாகத்தில் இடமில்லை என்று தட்டிக் கழித்தால், அதே புகாரை மாவட்டப் போலீஸ் தலைவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

உரிமையாளர் யாரென்று தெரிந்துவிட்டால் அணுகுமுறை மாற வேண்டும். வாகனப் பதிவு விவரம் காட்டும் அரசுச் செயலியான எம்பரிவாகனில் பதிவெண்ணைப் போட்டால் பெயர் முழுமையாகத் தெரியாது, போலீசுக்குத் தெரியும். அவருக்கு, குறித்த நாளுக்குள் எடுத்துச் செல்லும்படி ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். நோட்டீசுக்கு முன் அது வெறும் அசட்டை என்று சொல்லித் தப்பிக்கலாம். கிடைத்த பிறகும் எடுக்காவிட்டால், வேண்டுமென்றே தொல்லை தருகிறார் என்று காட்டுவது எளிது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 329-இன் கீழ் வரும் குற்றமுறு அத்துமீறலுக்கு அந்த நோக்கம்தான் அடிப்படை. வண்டி கடனில் வாங்கப்பட்டிருந்தால் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழ்) நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தவணை நின்றுபோன வண்டி என்றால் உங்களைவிட அவர்களுக்குத்தான் அவசரம். அதற்கும் மசியாதவர் மீது முன்சீப் கோர்ட்டில் வண்டியை அகற்றும்படி உறுத்துக்கட்டளை (இன்ஜங்ஷன்) கேட்கலாம். ஆனால் அது நீண்ட வழி. அதற்கு முன் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்துப் பேசித் தீர்க்கப் பாருங்கள்.

செய்யவே கூடாதவை சில. நாலு பேரைக் கூட்டி வண்டியைச் சாலைக்குத் தள்ளிவிடுவது: இரவில் அதில் யாராவது மோதினால் பொறுப்பு உங்கள் தலையில் விழும். சக்கரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிப் பணம் கேட்பது: மிரட்டிப் பணம் பறித்ததாக உங்கள் மீதே புகார் வரும். டயரைக் கிழிப்பது, கண்ணாடியை உடைப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

போலீஸ் வந்து இழுத்துச் செல்லும் நாளில் நீங்கள் அங்கே இருங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியை, இயங்கு சக்கரங்கள் தரையில் உருள இழுத்தால் கியர்பாக்ஸ் கெட்டுவிடும். தட்டையான மேடை உள்ள ரெக்கவரி வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள். கைப்பற்றும்போது எழுதப்படும் மகஜரை முழுவதும் படித்துப் பாருங்கள். மட்டை விழுந்து கூரை நசுங்கியிருந்தால், கண்ணாடி ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தால், உள்ளே பொருள் எதுவும் இல்லையென்றால், அத்தனையும் அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சாட்சிக் கையெழுத்துப் போடுங்கள்.