கேள்வி – பதில்: ஸ்காட்டுகள் எந்தக் கரைக்காரர்கள்?

கேள்வி: டீச்சர், என் தம்பி கப்பலில் வேலை பார்க்கிறான். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து பேசியபோது, "இந்த ஊர்க்காரங்களுக்குப் பூர்வீகம் அயர்லாந்தாம்க்கா" என்றான். இரண்டும் தனித்தனி தேசம் ஆயிற்றே, இது உண்மையா? – வாசகி, தொண்டி

பதில்: தம்பி கேட்ட செய்தியில் பெயர் சம்பந்தப்பட்ட பகுதி முழுக்க உண்மை அம்மா. ரோமானியர்கள் 'ஸ்காட்டி' என்று எழுதியது அயர்லாந்துக்காரர்களைத்தான். கி.பி. 360இல் ஸ்காட்டுகளும், ஸ்காட்லாந்தின் பூர்வகுடிகளான பிக்டுகளும் பிரிட்டன் எல்லையில் புகுந்து சூறையாடியதை ரோமானிய வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் மார்செல்லினுஸ் பதிவு செய்திருக்கிறார். 9ஆம் நூற்றாண்டில் பிராங்கு மன்னரின் அவையில் இருந்த தத்துவ அறிஞர் யோவான் ஸ்காட்டஸ் எரியுஜினாவும் அயர்லாந்தில் பிறந்தவர்தான். பிரிட்டனின் வடக்கே இருக்கும் ஸ்காட்லாந்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது பிறகு.

"அயர்லாந்திலிருந்து ஸ்காட்லாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள்" என்பதில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. அயர்லாந்தின் வடகிழக்கு மூலை ஆன்ட்ரிம். எதிர்க்கரை ஸ்காட்லாந்தின் ஆர்கைல். ஐலா, ஜூரா, மல், அயோனா தீவுகள் அதைச் சேர்ந்தவை. மிகக் குறுகலான இடத்தில் நடுவே கிடக்கும் கடல் 20 கிலோமீட்டர்தான். இரண்டு கரையையும் சேர்த்து ஆண்ட அரசுக்கு தால் ரியாட்டா என்று பெயர். கி.பி. 500 வாக்கில் எர்க்கின் மகன் ஃபெர்குஸ் ஆட்களோடு கடல் தாண்டி வந்து ஆர்கைலைப் பிடித்தான் என்பது மரபுக் கதை. 731இல் இங்கிலாந்தின் வரலாற்றை எழுதிய பீட் பாதிரியார், ரியூடா என்ற தலைவன் நட்பாலோ வாளாலோ அங்கே இடம் பிடித்தான் என்கிறார்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத் தொல்லியலாளர் யூவன் கேம்பல் 2001இல் ஒரு கட்டுரை எழுதி இந்தக் கதையை உலுக்கினார். பெருங்கூட்டமாக ஜனம் வந்திருந்தால் மண்ணில் தடம் இருக்க வேண்டுமே என்று கேட்டார். அயர்லாந்தில் மண்கரை எழுப்பிய வட்டக் குடியிருப்புகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆர்கைலில் அந்த வழக்கம் இல்லை, அங்கே கல்லடுக்கிக் கட்டிய கோட்டைகள்தான். உடையில் குத்தும் ஊசிகளிலும் புதிய கூட்டம் வந்து பழையதைத் துடைத்த அடையாளம் கிடைக்கவில்லை. ஆர்கைலை மற்ற ஸ்காட்லாந்திலிருந்து பிரித்தவை மலைகள். கடல் பிரிக்கவில்லை. ஆகவே இரு கரையிலும் வெகுகாலமாகவே ஒரே மொழிக்காரர்கள் வாழ்ந்திருக்கலாம் என்பது அவர் முடிவு. ஆய்வாளர்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. நான் ஒப்புக்கொள்கிறேன்.

காரணம் நம் கடற்கரைதான். என் அப்பத்தாவின் தங்கை மன்னார்த் தீவில் பேசாலையில் வாழ்க்கைப்பட்டவர். "மானாமதுரைக்குப் போறதுக்கு மன்னாருக்குப் போயிட்டு வந்துரலாம்" என்று அப்பத்தா சொல்லுவார். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வத்தைக்காரனுக்குக் காற்று சாதகமாக இருந்தால் போதும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை கப்பலும் ஓடியது. இரு கரையிலும் தமிழ் பேசுகிறார்களே, யார் யாரை விட்டுப் பிரிந்து எந்த ஆண்டில் போனார்கள் என்று ஒரு தேதி கேட்டால் என்ன சொல்வது? போவதும் வருவதும் பெண் கொடுப்பதும் எடுப்பதுமாகத்தானே இருந்தார்கள்! பாக் நீரிணையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு தால் ரியாட்டா புரியாத விஷயமே அல்ல.

தால் ரியாட்டாவின் குடி, படைக் கணக்கைச் சொல்லும் பழைய ஐரிஷ் ஏடு ஒன்று இருக்கிறது. கடற்படையெடுப்புக்கு இருபது வீட்டுக்கு ஏழு பலகைப் படகு இரண்டு தர வேண்டும் என்று அதில் விதித்திருக்கிறது. பலகை என்றால் துடுப்பு வலிப்பவர்கள் உட்காரும் குறுக்குப் பலகை. வீட்டையும் படகையும் சேர்த்து எண்ணிய அரசுக்குக் கடல் எல்லையாக இருந்திருக்குமா? கி.பி. 563இல் கொலும்பா என்ற ஐரிஷ் துறவி பன்னிரண்டு பேரோடு கடல் கடந்து அயோனாவில் மடம் அமைத்ததையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். தன் மொழி பேசும் எதிர்க்கரைக்குத்தான் அவர் போனார்.

கேள்வி: அப்படியானால் ஸ்காட்லாந்தின் பூர்வகுடிகளான பிக்டுகள் என்ன ஆனார்கள்? கொன்று ஒழித்துவிட்டார்களா? – வாசகர், கீழக்கரை

பதில்: அப்படி ஒரு கதை உண்டு, நான் நம்பவில்லை. மலைக்குக் கிழக்கே இருந்தவர்கள் பிக்டுகள். மொழி வேறு, கொலும்பா அவர்களிடம் மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசியதாக, அவர் வரலாற்றை எழுதிய அதம்நான் சொல்கிறார். 839இல் வடக்கேயிருந்து கடல்வழி வந்து சூறையாடிய வைக்கிங்குகளோடு நடந்த போரில் பிக்டு அரச குடும்பம் நொறுங்கிப்போனது. 843 வாக்கில் கென்னத் மக்ஆல்பின் தால் ரியாட்டா, பிக்டு ஆகிய இரண்டு அரசையும் இணைத்தார் என்பார்கள். ஆனால் 858இல் அவர் இறந்தபோது ஐரிஷ் ஆண்டேடு அவரைப் 'பிக்டுகளின் அரசர்' என்றே குறித்தது! 900இல் இறந்த அவர் பேரன் டொனால்டைத்தான் 'ஆல்பாவின் அரசர்' என்கிறது. ஆல்பா என்பது ஸ்காட்லாந்துக்குக் கேலிக் மொழிப் பெயர். ஜனம் அதே ஜனம். அவர்கள் நாவில் ஸ்காட்டுகளின் கேலிக் மொழி ஏறிவிட்டது. பிட்லாக்ரி போல 'பிட்' என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் இன்றும் அவர்கள் இருந்த இடத்தைச் சொல்கின்றன.

கேள்வி: ஸ்காட்டா என்ற எகிப்து இளவரசியின் வம்சம்தான் ஸ்காட்டுகள் என்று படித்தேன். ஆதாரம் உண்டா? – மாணவி, பரமக்குடி

பதில்: வரலாற்று ஆதாரம் கிடையாது, கண்ணு. கதை ஏன் பிழைத்தது என்பதைத் தெரிந்துகொள். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு, ட்ராய் நகரத்திலிருந்து வந்ததாகக் கதை சொல்லும் புரூட்டஸ் வழியில் பிரிட்டன் முழுக்கத் தனக்கே உரியது என்று போப்பாண்டவரிடம் வாதாடினார். 1301இல் ஸ்காட்லாந்து வழக்கறிஞர் பால்ட்ரெட் பிசெட், "எங்கள் வம்சம் ஃபாரோவின் மகளிடமிருந்து வந்தது" என்று எதிர்வாதம் வைத்தார். நாட்டைக் காப்பாற்ற எடுத்த ஆயுதம் அது. 1320இல் போப்பாண்டவருக்குப் போன ஸ்காட்லாந்துப் பிரபுக்களின் ஆர்ப்ரோத் பிரகடனமோ கருங்கடலுக்கு வடக்கே இருந்த சித்தியாவிலிருந்து ஸ்பெயின் வழியாக வந்தோம் என்கிறது. ஸ்காட்டுகள் தம் மன்னர்களுக்கு முடிசூட்டிய கல்லை யாக்கோபு தலைவைத்துப் படுத்த கல் என்றார்கள். அது ஸ்காட்லாந்திலேயே உள்ள ஸ்கோன் ஊர்ப்பக்கத்து மணற்கல் என்று பாறை ஆய்வு காட்டிவிட்டது. எட்வர்டு 1296இல் தூக்கிப்போன அந்தக் கல் ஸ்காட்லாந்துக்குத் திரும்பியது 1996இல்.

கேள்வி: ஸ்காட்லாந்திலிருந்து அயர்லாந்துக்கு யாரும் போகவில்லையா? – வாசகர், மண்டபம்

பதில்: நிறையப் போனார்கள் ஐயா. 13ஆம் நூற்றாண்டிலிருந்து ஸ்காட்லாந்துக் கூலிப்படையினர் ஐரிஷ் சிற்றரசர்களுக்காகப் போரிட்டார்கள். மன்னர் ராபர்ட் புரூஸ், நாம் ஒரே இனத்தில் பிறந்தவர்கள் என்று ஐரிஷ்காரர்களுக்குக் கடிதமே எழுதினார். 1315இல் அவர் தம்பி எட்வர்டு படையோடு இறங்கி, 1318இல் அங்கேயே கொல்லப்பட்டார். அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் 1609இல் தொடங்கிய குடியேற்றம் வேறு வகை. ஐரிஷ்காரர்களிடம் பறித்த நிலத்தில் புராட்டஸ்டன்ட் ஸ்காட்டுகளையும் ஆங்கிலேயர்களையும் அரசே கொண்டுபோய் இறக்கியது. உறவுக்காரன் வந்து தங்குவதையும் அதிகாரம் ஆள்கொண்டு வந்து நிலத்தை எடுப்பதையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது. வட அயர்லாந்தின் பிற்காலச் சண்டைகள் பலவற்றின் வேர் அந்தக் குடியேற்றத்தில் இருக்கிறது.